எந்தக் கன்னத்துக்கு இந்த மருந்து?

2006 பிப்ரவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, தலை - கழுத்துப் புற்றுநோய் மருத்துவத்தில் புதிய காலம் பிறந்துவிட்டதாகப் பேசவைத்தது. அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் பானர் தலைமையில் 424 நோயாளிகளிடம் நடந்த சோதனை அது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 29.3 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். கதிர்வீச்சோடு செட்டுக்ஸிமாப் என்ற ஊசி மருந்தும் பெற்றவர்களிடம் இந்தக் கணக்கு 49 மாதங்களாக உயர்ந்தது. வேகமாகப் பெருகும் உயிரணு எதுவானாலும் அழிக்கிற பழைய கீமோ வகையைச் சேர்ந்ததல்ல செட்டுக்ஸிமாப். உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியைப் பிடித்துக்கொண்டு, ‘பெருகு’ என்ற கட்டளை உள்ளே போகாமல் தடுக்கிறது. அடுத்த மாதமே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்பதைப் படித்தால், நம் ஊருக்கு மிக முக்கியமான ஒரு விவரம் கண்ணில் படும். வாய்த்தொண்டை, கீழ்த்தொண்டை, குரல்வளை ஆகிய மூன்று இடங்களில் புற்று வந்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள். கன்னத்தின் உட்புறத்திலோ ஈறுகளிலோ நாக்கின் முன்பகுதியிலோ புற்று வந்தவர்களுக்கு அந்த ஆய்வில் இடமே இல்லை.

2020-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி உதடு, வாய்க்குழிப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் 3,77,713 பேர். அவர்களில் 1,35,929 பேர் இந்தியர்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நோயின் பெரும்பங்கு இங்கே இருக்க, அதன் மருந்தைத் தீர்மானித்த புகழ்பெற்ற சோதனையில் அந்த நோயே இடம்பெறவில்லை. உயிரணுச் சமிக்ஞைப் பாதைகளை மறித்து வாய்ப்புற்றைக் குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அது வெறும் கனவல்ல. ஆனால் அந்தப் பாதைகளை நம் நோயாளிகளின் கட்டிகளில் படித்து, மருந்தை நம் நோயாளிகளிடம் சோதித்து, நம்மால் தரக்கூடிய அளவில் தந்து பார்த்தால்தான் அது இங்கே உருப்படியாகும். இந்தப் பாடம் புதிதும் அல்ல. அசோக் நகரிலிருந்து சைதாப்பேட்டையில் ஆற்றைத் தாண்டி, சின்னமலை வழியாக சர்தார் படேல் சாலைக்கு வந்தால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, ஐஐடி, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகம் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் வந்துவிடும். தென்சென்னையின் இந்தத் துண்டில் அறுபது, எழுபது ஆண்டுகளாக நடந்த வேலையின் வரலாறு அதே பாடத்தைத்தான் சொல்கிறது.

வாய்ப்புற்று இந்த மண்ணின் நோய் என்பதை முதலில் பதிவு செய்தவர்கள் அறுவை மருத்துவர்கள். சென்னை பொது மருத்துவமனையில் பணியாற்றிய நிப்லாக், இந்தியாவில் புற்றுநோய் அபூர்வம் என்று அன்று பரவலாக இருந்த எண்ணத்தின் நடுவே, 1902-இல் தம் அனுபவத்தை ‘இந்தியன் மெடிக்கல் கெஸட்’டில் எழுதினார். தெற்கே, அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூரில் இருந்த லண்டன் மிஷன் மருத்துவமனைக்கு வாய்ப்புற்றோடு நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். 1922, 1924 எவரெஸ்ட் குழுக்களில் மலையேறிய ஹாவர்ட் சோமர்வெல் நெடுங்காலம் அறுவை மருத்துவராக இருந்த இடம் அது. அங்கே பணியாற்றிய ஐ. எம். ஓர், 1933-இல் ‘லான்செட்’ இதழில் திருவிதாங்கூரின் வெற்றிலை போடுவோரிடம் காணும் வாய்ப்புற்றைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நோயாளிகளின் வாயைத் திறந்து பார்த்த இந்த மருத்துவர்கள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கண்டார்கள்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்த உருண்டையை ஒருவர் எந்தக் கன்னத்தில் ஒதுக்கி வைக்கிறாரோ அந்தப் பக்கத்தில்தான் பெரும்பாலும் புற்று வந்தது. சிலர் இரவிலும் அதைத் துப்பாமல் வாயில் அடக்கிக்கொண்டே தூங்கிவிடுவார்கள். சாறு பல மணி நேரம் ஒரே இடத்தில் தங்கும். அவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதி செய்தன. மேல்நாட்டில் புகையும் மதுவும் தொண்டையையும் நாக்கையும் தாக்கின. இங்கே சாறு கன்னத்தையும் ஈறுகளையும் தாக்கியது. நோய்க்கு இட்ட பெயர் இரண்டு ஊரிலும் ஒன்றாக இருந்தாலும், அதை உண்டாக்கிய பொருளும் உண்டான இடமும் ஒன்றல்ல.

1934-இல் சென்னை பொது மருத்துவமனையில் பர்னார்ட் கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டதால் கதிர் மருத்துவம் நகருக்கு வந்திருந்தது. ஆனால் புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டினார். இந்த நோய் வந்தால் எப்படியும் சாவுதானே, இதற்கு எதற்கு மருத்துவமனை என்று அதிகாரத்தில் இருந்தவர்களே கேட்ட காலம் அது. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் தேதி அடையாறு காந்தி நகரில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அங்கேயே தங்கி வேலை பார்த்த மருத்துவர்கள். சில ஆண்டுகளிலேயே கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி கனடாவிலிருந்து வந்து இறங்கியது. ஆசியாவில் முதன்முதலாக நிறுவப்பட்ட கோபால்ட் கருவி என்று அதைச் சொல்வார்கள்.

அடையாறு எங்கே தொடங்கியது என்பது என் வாதத்துக்கு முக்கியம். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் 1959-இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்’ இதழில் வாய்ப்புற்றின் காரணங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். 1963-இல் வாய் முதல் உணவுக்குழாய் வரையிலான புற்றுகளைப் பற்றி அதே இதழில் இன்னொன்று. மருந்தைத் தேடப் போகும் முன்பே, தங்களிடம் வந்த நோயாளிகள் என்ன மென்றார்கள், எதைப் புகைத்தார்கள் என்று உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். முற்றிய நிலையில் வருகிற கன்னப் புற்றுக்குக் கதிர்வீச்சு மட்டும் போதவில்லை என்று கண்டபோது, கதிர்வீச்சையும் மருந்தையும் ஒரே சமயத்தில் கொடுத்துப் பார்க்கத் துணிந்தார்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றைத் தொடங்குவதே அன்றைய வழக்கம். இரண்டையும் ஒன்றாகத் தந்தால் வாய்ப்புண் தாங்காது என்ற பயம் உலகெங்கும் இருந்தது. ஜப்பானில் உமேசாவா 1960களில் ஒரு மண் நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்த பிளியோமைசின் என்ற மருந்தைக் கதிர்வீச்சோடு சேர்த்து அடையாற்றில் நடத்திய சோதனையின் முடிவுகள் 1977-லும் 1980-லும் ‘கிளினிக்கல் ரேடியாலஜி’ இதழில் வந்தன. கன்னப் புற்றில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களைவிட இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களிடம் கட்டி முழுமையாகக் கரைந்தது மிக அதிகம்.

ஐரோப்பாவிலும் புற்றுநோய் ஆய்வுக்கான கூட்டமைப்பு இதே பிளியோமைசினைக் கதிர்வீச்சோடு சேர்த்து வாய்த்தொண்டைப் புற்றில் சோதித்தது. பத்தாண்டுக் கண்காணிப்பு முடிவு 1988-இல் வெளியானது: கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கும் மருந்து சேர்த்துப் பெற்றவர்களுக்கும் வேறுபாடு இல்லை. மருந்து அதே மருந்துதான், சேர்த்துத் தரும் யோசனையும் ஒன்றுதான். கன்னத்தில் பலித்தது தொண்டையில் பலிக்கவில்லை. மருந்தளவும் அட்டவணையும் வேறாக இருந்ததால் இடம் ஒன்றையே காரணமாக்கிவிட முடியாது என்று ஆட்சேபிக்கலாம், நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் அந்த ஆட்சேபமும் என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஓர் ஊரின் முடிவை இன்னொரு ஊருக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது என்பதைத்தான் அதுவும் சொல்கிறது. ஐரோப்பிய முடிவை மட்டும் படித்திருந்தால் அடையாறு பிளியோமைசினைக் கைவிட்டிருக்கும். அடையாற்றை மட்டும் படித்திருந்தால் ஐரோப்பா அதை எல்லோருக்கும் கொடுத்திருக்கும். பின்னாளில் உலகின் பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, கதிர்வீச்சோடு கீமோவை ஒரே சமயத்தில் தருவது ஐந்தாண்டு உயிர்வாழ்வை 6.5 சதவீதப் புள்ளி உயர்த்துகிறது என்று தெரிந்தது. இன்று சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து அந்த இடத்தில் இருக்கிறது. சேர்த்துத் தரலாம் என்ற கொள்கையை உலகம் பொது விதியாக்குவதற்கு முன்பே அடையாறு தன் நோயாளிகளிடம் நிறுவியிருந்தது.

இதே காலத்தில் சமிக்ஞையின் கதை வேறொரு கண்டத்தில் வளர்ந்தது. 1962-இல் அமெரிக்காவின் ஸ்டான்லி கோஹென், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தார். பிறந்த எலிக்குட்டிக்கு அதைக் கொடுத்தால் கண்ணிமை வழக்கத்துக்கு முன்பே திறந்தது, முன்பல் முன்பே முளைத்தது. தோல், வாய்ச்சவ்வு போன்ற மேற்படலங்களை வளரச் சொல்லும் காரணி அது. இதற்காக ரீத்தா லெவி-மொண்டால்சினியோடு 1986-இல் நோபல் பரிசு பெற்றார். அந்தக் காரணி வந்து அமரும் ஏற்பிதான் ஈஜிஎஃப்ஆர். இதை வீட்டு வாசலின் அழைப்பு மணியாக நினைத்துக்கொள்ளலாம். வெளியே பொத்தான், அதிலிருந்து சுவருக்குள் ஓடும் கம்பி, உள்ளே ஒலிக்கும் மணி. வாய்ப்புற்று உயிரணுக்களில் பெரும்பாலானவற்றில் இந்தப் பொத்தான்கள் அளவுக்கு மிஞ்சி இருக்கின்றன. 1980களில் ஜான் மெண்டல்சனும் கார்டன் சாட்டோவும் பொத்தானைக் கையால் மூடுவது போன்ற ஓர் எதிர்ப்புரதத்தை உருவாக்கினார்கள். அதன் வழிவந்ததே செட்டுக்ஸிமாப். எர்லோடினிப் போன்ற மாத்திரைகள் உயிரணுவுக்குள் நுழைந்து, பொத்தானின் உட்பக்க இணைப்பைத் துண்டிக்கின்றன. ஆனால் கம்பியே உரசிக்கொண்டு, யாரும் பொத்தானைத் தொடாமலே மணி விடாமல் அடித்தால்? அப்போது பொத்தானை மூடிப் பயனில்லை. ஈஜிஎஃப்ஆருக்கு அடுத்த கட்டத்தில் இருக்கும் ராஸ் என்ற புரதத்தில் பிறழ்வு வந்தால் நடப்பது இதுதான்.

இங்கேதான் இந்தியக் கட்டிகள் வேறு கதை சொல்லத் தொடங்கின. மும்பையில் தனுஜா சரநாத் குழு, புகையிலை மெல்லுவதால் வந்த 57 வாய்ப்புற்றுகளைப் பரிசோதித்து, 35 சதவீதத்தில் எச்-ராஸ் மரபணுவில் பிறழ்வு இருப்பதாக 1991-இல் அறிவித்தது. மேல்நாட்டுக் கட்டிகளில் இது மிகக் குறைவாகவே காணப்பட்டது. பின்னாளில் தரமணி வளாகத்தில் மரபியல் துறையில் பணியாற்றிய ஏ. கே. முனிராஜன், டோக்கியோவின் நொபுவோ சுச்சிடா முதலியோருடன் சேர்ந்து 1998-இல் இந்திய வாய்ப்புற்றுகளில் எச்-ராஸ் பிறழ்வு ஒப்பளவில் அதிகம் என்று தனியே காட்டினார். 2008-இல் அவர்கள் குழு பிஐகே3சிஏ என்ற மரபணுவின் பிறழ்வுகளையும் கண்டது. அதுவும் அதே மணியின் இன்னொரு கம்பிதான். 2013-இல் மேற்கு வங்கத்தின் கல்யாணி நகரில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணு நிலையமும் மும்பையின் ஆக்ட்ரெக் ஆய்வு மையமும் ஈறு - கன்னப் புற்றுகளின் மரபணுக்களை முழுவதுமாக வாசித்து ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியிட்டன. முதலில் 50 நோயாளிகள். பிறகு சரிபார்க்க மேலும் 60 பேர். வெளிநாட்டுப் பட்டியல்களில் இருந்த மரபணுக்களோடு, யுஎஸ்பி9எக்ஸ், ஏஆர்ஐடி2 உட்பட அதுவரை இந்த நோயில் அடிக்கடி மாறுவதாக அறியப்படாத ஐந்து மரபணுக்களையும் கண்டார்கள். எச்-ராஸின் விகிதம் இந்த விரிவான வாசிப்பில் 1991-இன் கணக்கைவிடக் குறைந்தது உண்மை. ஆனாலும் அது பட்டியலில் நிலைத்தது. சர்தார் படேல் சாலையில், ஐஐடியின் கருணாகரன் குழு அடையாறு மருத்துவமனையோடு சேர்ந்து நாக்குப் புற்றில் மிகுதியாகும் மைக்ரோ ஆர்என்ஏ-155 என்ற சிறு மூலக்கூறை ஆராய்ந்து, அதை அடக்கினால் புற்று உயிரணுக்கள் சாகின்றன என்று ஆய்வகத்தில் காட்டியது.

பாக்கின் விஷயத்தில் சமிக்ஞை ஆய்வு நேரடியாகவே நமக்கு ஒன்றைக் கற்றுத் தந்தது. பாக்கும் மாவாவும் மெல்லும் பலருக்கு வாய் மெல்ல மெல்ல இறுகிப்போகும். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, கயிறு ஓடியதுபோல் தடித்து, மூன்று விரல் நுழையும் வாயில் ஒரு விரல்கூட நுழையாத நிலை வரும். மிளகாய்க் காரம் பட்டால் எரியும். வாய்ச்சவ்வடி நார்த்திசு நோய் என்கிற இந்த நிலை, புற்றின் முன்னோடிகளில் ஒன்று. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் கொண்டையா குழு, பாக்கின் சாறு வாய்ச்சவ்வின் உயிரணுக்களில் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் பாதையைத் தூண்டிவிடுகிறது என்று 2012-இல் காட்டியது. நார்த்திசுவைக் குவிக்கும் கட்டளையைத் தருவது அந்தப் பாதைதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985-இல் புகையிலை சேர்த்த வெற்றிலையை மட்டுமே புற்றுக்காரணி என்றது. 2004-இல் புகையிலை இல்லாத வெற்றிலையும் பாக்கும்கூடப் புற்றை உண்டாக்கும் என்று திருத்தியது. புகையிலைதான் கெடுதல், வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது என்று விருந்துக்குப் பின் தட்டை நீட்டுகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கான பதில் இந்த மூலக்கூறுப் பாதையில் இருக்கிறது.

என் வாதத்துக்கு எதிராக வரக்கூடிய முதல் கேள்வியும் இங்கேயே எழுகிறது. காரணம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த நோய்க்கு மூலக்கூறு மருந்தைத் தேடிப் பணத்தைக் கொட்டுவானேன்? பாக்கையும் புகையிலையையும் நிறுத்தினால் போதாதா? இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. திருவனந்தபுரத்தில் 13 பஞ்சாயத்துகளில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2005-இல் ‘லான்செட்’டில் வந்தது. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்ததாலேயே, புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது. எந்தச் சமிக்ஞை மருந்தும் வாய்ப்புற்றில் இவ்வளவு உயிரைக் காத்ததில்லை. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்கும் பான்மசாலாவுக்கும் தடை இருக்கிறது. ஆனாலும் ஹான்ஸும் மாவாவும் பெட்டிக்கடைகளில் மறைத்து விற்கப்படுகின்றன. தடுப்பு முதலிடம் பெற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இன்று பழக்கத்தை விட்டவருக்கும் ஆபத்து உடனே நீங்குவதில்லை. இருபது வருடம் மென்றவரின் சவ்வில் மாறிப்போன உயிரணுக்கள் அங்கேயேதான் இருக்கும். இந்த ஆண்டு கன்னத்தில் கட்டியோடு வருகிறவரிடம் தடுப்பைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை. சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1959-இல் காரணத்தையும் அதன் பிறகு மருந்தையும் ஆராய்ந்தவர்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

இரண்டாவது கேள்வி அறிவியலாளர்களிடமிருந்து வரும்: ஈஜிஎஃப்ஆர் எல்லா மனிதரிடமும் ஒரே புரதம்தானே, பாஸ்டனில் பலித்தது சென்னையில் பலிக்காமல் போகுமா? புரதம் ஒன்றுதான். ஆனால் ஒரு புற்றில் எந்தப் பாதை தலைமை தாங்குகிறது என்பதை அதை உண்டாக்கிய காரணம் தீர்மானிக்கிறது. மேல்நாட்டில் இப்போது வாய்த்தொண்டைப் புற்று பெருமளவில் ஹெச்பிவி வைரஸால் வருகிறது. அந்தப் புற்றிலேயே 2018-இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் செட்டுக்ஸிமாப் பழைய சிஸ்பிளாட்டினைவிடப் பின்தங்கியதாகக் காட்டின. 2006-இன் சோதனை செட்டுக்ஸிமாபைக் கதிர்வீச்சோடு மட்டுமே ஒப்பிட்டிருந்தது, சிஸ்பிளாட்டினோடு ஒப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. ஒப்பீடு தவறாக இருந்தால் பெரிய இதழில் வந்த முடிவும் பாதி உண்மைதான். நம்மிடம் கியூபாவின் ஹவானாவில் பிறந்த நிமோடுசுமாப் என்ற எதிர்ப்புரதம், பெங்களூரு பயோகான் வழியாக 2006-இலேயே சந்தைக்கு வந்தது. அதை 536 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து மும்பை டாடா மருத்துவமனை 2019-இல்தான் முடிவு சொன்னது: நோய் திரும்பி வளர்வது தள்ளிப்போனது, ஆனால் மொத்த ஆயுள் கூடியதாகப் புள்ளியியல் உறுதியோடு சொல்ல முடியவில்லை. சந்தைக்கும் சான்றுக்கும் நடுவே 13 ஆண்டுகள். அந்த இடைவெளியில் இந்த மருந்துக்கு வீட்டு நகையை விற்றுச் செலவழித்த குடும்பங்கள் எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

நம் ஊர்ச் சரக்கு என்பதாலேயே ஒன்றை நம்பிவிடவும் கூடாது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாகினி குழு பல ஆண்டுகளாக வெள்ளெலியின் கன்னப்பையில் புற்றை உண்டாக்கி, வேம்பிலிருந்து எடுத்த நிம்போலைட் போன்றவை எந்தச் சமிக்ஞைப் பாதைகளை அடக்குகின்றன என்று நுட்பமாக ஆராய்ந்திருக்கிறது. அந்த வெள்ளெலி முறையே, அடையாறு மருத்துவமனை திறந்த அதே 1954-இல் அமெரிக்காவின் சாலி அறிமுகப்படுத்தியது. ஆய்வாக அது மதிப்புக்குரியது. ஆனால் வெள்ளெலியின் கன்னப்பையிலிருந்து மனிதக் கன்னத்துக்கு வெகுதூரம். வேப்பங்கொழுந்து தின்றால் வாய்ப்புற்று குணமாகும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது உயிருக்கு ஆபத்து. மனிதரிடம் சோதித்தால் நல்ல கருதுகோளும் தோற்கும். வாயில் வெள்ளைத் திட்டு உள்ள, மரபணு இழப்பால் ஆபத்து அதிகமென்று கண்டறியப்பட்ட 150 பேரிடம் எர்லோடினிப் கொடுத்துப் புற்று வராமல் தடுக்க அமெரிக்காவில் முயன்றார்கள். 2016-இல் வந்த முடிவில் மாத்திரை பெற்றவர்களுக்கும் வெறும் மாத்திரை பெற்றவர்களுக்கும் வேறுபாடு இல்லை. இதைவிட மோசமானது நார்வேயின் யோன் சுட்பே செய்தது. வலிநிவாரணி மாத்திரைகள் வாய்ப்புற்றைத் தடுக்கின்றன என்று 908 பேரின் விவரத்தோடு 2005-இல் ‘லான்செட்’டில் எழுதினார். மறு ஆண்டு விசாரித்தபோது அந்த 908 பேரும் கற்பனை என்று தெரிந்தது. அவர்களில் 250 பேருக்கு ஒரே பிறந்தநாள் எழுதியிருந்தார்.

அதனால்தான் அடையாற்றின் இன்னொரு பணியை நான் பெரிதாக மதிக்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தில் 1981-இல் அங்கே சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. புற்றுநோயை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் அப்போது இல்லை. எனவே பதிவேட்டின் பணியாளர்களே நகரத்தின் மருத்துவமனைகளுக்குப் போய் நோயாளிகளின் விவரத்தை எழுதிக்கொண்டு வருவார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவேடுகளையும் புரட்டி, விட்டுப்போன பெயர்களைச் சேர்ப்பார்கள். ஒரே ஆள் இரண்டு மருத்துவமனைகளில் காட்டியிருந்தால் பெயர், வயது, முகவரியை ஒப்பிட்டு ஒருவராக்குவார்கள். 1960களில் உருவான அசோக் நகர் போன்ற குடியிருப்புகளும் பழைய சைதாப்பேட்டையும் மயிலாப்பூரும் இப்படித்தான் ஒரே கணக்கில் வந்தன. சென்னை ஆண்களிடையே வாயும் நாக்கும் புற்றின் முன்வரிசை இடங்களில் இருப்பதை ஆண்டுதோறும் உறுதியாகச் சொல்ல முடிவது இந்த உழைப்பால்தான். சுட்பேயைப் போல் மேசையில் உட்கார்ந்து நோயாளிகளைக் கற்பித்துக்கொள்ள இந்த முறையில் வழியே இல்லை.

மூன்றாவது கேள்விதான் மிகக் கடினமானது: இந்த மருந்துகள் யாருக்கு எட்டும்? கன்னத்தில் புகையிலை ஒதுக்குபவர்களில் கட்டடத் தொழிலாளிகளும் ஆட்டோ ஓட்டுபவர்களும் ஏராளம். மாதத்துக்கு லட்சங்கள் கேட்கும் ஊசி அவர்களுக்கு இருந்தும் இல்லாததுதான். இதற்குப் பதில் மும்பை டாடாவில் விஜய் பாட்டீல் குழு செய்த வேலையில் இருக்கிறது. குணப்படுத்த முடியாத நிலையில் உள்ள தலை - கழுத்துப் புற்று நோயாளிகள் 422 பேரிடம், ஊசியாக ஏற்றும் சிஸ்பிளாட்டினையும், வீட்டிலேயே விழுங்கும் மெத்தோட்ரெக்சேட், செலிகாக்ஸிப் மாத்திரைகளையும் ஒப்பிட்டார்கள். 2020-இல் வந்த முடிவில் மாத்திரை பெற்றவர்களின் ஆயுள் இடைநிலை 7.5 மாதம், ஊசி பெற்றவர்களுக்கு 6.1. மூட்டுவலிக்குத் தரும் செலிகாக்ஸிப்பும் ஒரு சமிக்ஞையைத்தான் மறிக்கிறது. அழற்சியைத் தூண்டிக் கட்டிக்கு ரத்த நாளங்களை வளர்க்கும் காக்ஸ்-2 பாதை அது. பிறகு அந்த இரண்டு மாத்திரைகளோடு எர்லோடினிப்பையும் சேர்த்து மூன்றாக்கினார்கள். 151 பேரில் ஒரு பாதிக்கு இந்த மூன்று மட்டும். மறுபாதிக்கு இவற்றோடு நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு ஊசி. வழக்கமாக இரு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் தரும் மருந்தை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமானார்கள். 2023-இல் இது ‘ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜி’யில் வந்தது. இவ்வளவு குறைந்த அளவு போதும் என்று மருந்து நிறுவனம் எதுவும் சொல்லப்போவதில்லை. நோயாளிகளின் வறுமையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும். அடையாற்றில் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் கேட்ட கேள்வியும் அதே இடத்திலிருந்து வந்ததுதான்.

இனி சென்னைக்கான வேலை தெளிவாக இருக்கிறது. டாடாவின் சோதனையில் இரண்டு பிரிவினரும் எர்லோடினிப் பெற்றார்கள். எனவே அந்த ஆயுளில் எர்லோடினிப்பின் பங்கு எவ்வளவு என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. எச்-ராஸ் கம்பி உரசிக்கொண்டிருக்கும் கட்டியில், பொத்தானின் இணைப்பைத் துண்டிக்கும் எர்லோடினிப் வேலை செய்யும் என்று எதிர்பார்க்கக் காரணம் குறைவு. அத்தகைய கட்டிகளுக்கு டிப்பிஃபார்னிப் என்ற வேறொரு மருந்து இருக்கிறது. ராஸ் புரதம் உயிரணுவின் சவ்வில் ஒட்டிக்கொள்ள ஒரு கொழுப்பு வால் வேண்டும். அந்த வாலைப் பொருத்தும் நொதியை இது தடுக்கிறது. ராஸ் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் வேறு வாலைப் பொருத்திக்கொண்டு தப்பிவிடுவார்கள். எச்-ராஸுக்கு அந்த மாற்று வழி இல்லை. 2021-இல் வெளியான சிறிய ஆய்வில், எச்-ராஸ் பிறழ்வு மிகுதியாக இருந்த தலை - கழுத்துப் புற்று நோயாளிகள் 20 பேரில் 55 சதவீதத்தினரின் கட்டி சுருங்கியது. இந்தப் பிறழ்வு அதிகம் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சொன்னது நம் நாட்டின் ஆய்வு. சென்னையில் கன்னப் புற்றுக்குச் சதைத் துணுக்கு எடுக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் அதிலேயே எச்-ராஸையும் சேர்த்துப் பரிசோதித்து, அந்த விடையை அடையாற்றின் பதிவேட்டில் வயதுக்கும் முகவரிக்கும் பக்கத்தில் எழுத வேண்டும். எந்த நோயாளிக்கு எர்லோடினிப், எவருக்கு டிப்பிஃபார்னிப், எவருக்குப் பழைய சிஸ்பிளாட்டினே போதும் என்று தீர்மானிக்கும் அடுத்த சோதனையை அந்தப் பட்டியலை வைத்துத்தான் இங்கே தொடங்க முடியும்.